எரிக்கும் சருகும் எறியும் தோலும்

பல அரசுப் பள்ளி வளாகங்களில் காலை மணி அடிப்பதற்கு முன்பே ஒரு மூலையில் புகை எழும்பிவிடும். வேம்பும் புங்கையும் தூங்குமூஞ்சியும் உதிர்த்த சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைத்திருப்பார்கள். அதே வளாகத்தில் சத்துணவுக் கூடத்தின் பின்பக்கம் போனால் கத்திரிக்காய்க் காம்பு, முள்ளங்கித் தழை, கேரட் சீவல், பூசணிக் குடல் எல்லாம் ஒன்றாகப் புளித்துக் கிடக்கும், ஈ மொய்க்கும். முன்பக்கம் எரிப்பதும் பின்பக்கம் எறிவதும் பள்ளிக்கு இரண்டு தனித்தனித் தொல்லைகளாகத் தெரிகின்றன. மண்ணின் கணக்கில் இவை ஒரே உரத்தின் இரண்டு பாதிகள்.

சருகில் கரிமம் மிகுதி, ஈரம் கிடையாது. காய்கறிக் கழிவில் தண்ணீரும் நைட்ரஜனும் மிகுதி, காற்றோட்டம் கிடையாது. தனியாக விட்டால் சருகு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்; காய்கறிக் கழிவு இரண்டே நாளில் நாறும். இரண்டையும் சரியான அளவில் கலந்து, காற்று புகும் ஓர் இடத்தில் குவித்தால் மூன்று, நான்கு மாதத்தில் கறுத்த, உதிரியான, மழை நனைத்த மண்ணின் வாசமுள்ள மட்கு உரம் கிடைக்கும். பள்ளிக்கு உரத்தொட்டி கட்டுவது என்றால் இந்தக் கலவைக்கு ஒரு வீடு கட்டுவதுதான்.

பள்ளிகளில் உரத்தொட்டி கட்டுவது புதிதல்ல. சுற்றுச்சூழல் மன்றமோ நாட்டு நலப்பணித் திட்டமோ ஒரு தொட்டியைக் கட்டும். திறப்பு விழா நடக்கும். இரண்டு மாதத்தில் நாற்றம் தாங்காமல் மூடிவிடுவார்கள். சிமெண்டில் குறை இருக்காது, செங்கல்லில் குறை இருக்காது. காய்கறிக் கழிவு நாள்தோறும் வந்திருக்கும். அதன்மேல் போடச் சருகு இருந்திருக்காது. ஆகவே இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே: பள்ளியில் முதலில் கட்ட வேண்டியது உரத்தொட்டியை அன்று, இலைக் கிடங்கை. ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

மட்கச் செய்யும் வேலையைப் பெரும்பாலும் பாக்டீரியாக்கள் செய்கின்றன. அவற்றின் உடலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குக் கிட்டத்தட்ட 8 முதல் 10 பங்கு வரை கரிமம் இருக்கும். ஆனால் தின்ற கரிமம் முழுவதும் உடலாவதில்லை. நாம் சோற்றை எரித்துச் சக்தி பெறுவதைப் போலவே அவையும் கரிமத்தில் பெரும்பகுதியை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, கார்பன் டை ஆக்சைடாக வெளியே விடுகின்றன. ஏறத்தாழ 30 பங்கு தின்றால் 20 பங்கு மூச்சாகப் போய்விடும், 10 பங்கு உடலில் தங்கும். குவியலில் கரிமமும் நைட்ரஜனும் 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் நல்லது என்று உழவியல் நூல்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். நைட்ரஜன் அதிகமானால் தேவைக்கு மிஞ்சியது அம்மோனியாவாகப் பறந்துவிடும், மூக்கை எரிக்கும். கரிமம் அதிகமானால் பாக்டீரியாவுக்கு உடல் வளர்க்க நைட்ரஜன் போதாது, வேலை மந்தமாகும்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையில் போடக்கூடிய கணக்குதான். 1 கிலோ காய்கறித் தோலில் 880 கிராம் வெறும் தண்ணீர் என்று கொள்ளலாம். மீதி 120 கிராம் உலர்பொருளில் கரிமம் 54 கிராம், நைட்ரஜன் 3.6 கிராம்; விகிதம் 15. 1 கிலோ சருகில் தண்ணீர் 100 கிராம், கரிமம் 430 கிராம், நைட்ரஜன் சுமார் 7 கிராம், விகிதம் 60. மரத்துக்கு மரம் இது மாறும், ஆனால் வழிகாட்ட இது போதும். விகிதம் 30 ஆக வேண்டுமென்றால் 1 கிலோ தோலுக்கு 250 கிராம் சருகு போதும் என்று விடை வரும்.

போதாது. அந்தக் கலவையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 1,250 கிராம் கலவையில் 905 கிராம் தண்ணீர்; அதாவது 72 விழுக்காடு. நுண்ணுயிர்களுக்கு வேண்டியது 50 முதல் 60 விழுக்காடு வரை. அதற்கு மேல் போனால் துணுக்குகளுக்கு இடையே உள்ள சிறு வெளிகளைத் தண்ணீர் அடைத்துக்கொள்ளும். காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீருக்குள் அது பரவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். நனைந்து அமுங்கிய குவியலின் நடுப்பகுதி சில மணி நேரத்திலேயே மூச்சுமுட்டிவிடும். அப்போது ஆக்சிஜனில்லாமல் வாழும் வேறு பாக்டீரியாக்கள் பெருகி, புளித்த அமிலங்களையும், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடையும், மணமில்லாத மீத்தேனையும் உண்டாக்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 27 மடங்கு புவியைச் சூடேற்றும் வாயு. நாறும் உரத்தொட்டி அக்கம்பக்கத்தார்க்கு மட்டும் தொல்லையில்லை.

எனவே சருகை இரட்டிப்பாக்கி, 1 கிலோ தோலுக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஈரம் 62 விழுக்காட்டுக்கு இறங்கும். விகிதம் 37-க்கு ஏறும். கொஞ்சம் மெதுவாக வேகும், ஆனால் நாறாது. பள்ளிக்கு வேகத்தைவிட நாறாமல் இருப்பதுதான் முக்கியம். அரைக் கிலோ நொறுக்காத சருகு எடையில் குறைவு, இடத்தில் அதிகம். 1 கிலோ தோல் 2 லிட்டர் இடம் பிடித்தால் அது 7, 8 லிட்டர் பிடிக்கும். ஒரு வாளி ஈரக் கழிவுக்கு மூன்று, நான்கு வாளி சருகு என்று அனுபவசாலிகள் சொல்லும் அளவும் இதுவே.

இதை ஆண்டு முழுவதற்கும் விரித்துப் பாருங்கள். 200 பிள்ளைகள் சாப்பிடும் ஒரு நடுநிலைப் பள்ளி. மதிய உணவுத் திட்டத்தின் தேசிய அளவுப்படி தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 50 கிராம், அதற்கு மேல் 75 கிராம் காய்கறி. நாளைக்கு 10 முதல் 15 கிலோ காய் நறுக்கினால், ஐந்தில் ஒரு பங்கு தோலும் காம்புமாகப் போகும் என்று வைத்தால் 2, 3 கிலோ. தட்டில் மிஞ்சுவது, வாழைப்பழத் தோல், வெட்டிய புல் எல்லாம் சேர்த்து 5 கிலோ என்று கொள்வோம். அதற்கு நாளொன்றுக்கு இரண்டரைக் கிலோ சருகு. 220 வேலை நாளுக்கு 550 கிலோ. நொறுக்கி அடைத்தாலும் 5 கன மீட்டருக்கு மேல் வரும்.

ஆனால் மரம் பள்ளி நாட்காட்டியைப் பார்த்து இலை உதிர்ப்பதில்லை. வேம்பு மாசியிலும் பங்குனியிலும் கொட்டித் தீர்க்கும். புங்கையும் தூங்குமூஞ்சியும் அதை ஒட்டியே. ஐப்பசி, கார்த்திகை மழையில் சருகே கிடைக்காது. கிடைப்பதும் சொதசொதவென்று இருக்கும். அந்த மாதங்களில்தான் தொட்டிக்கு உலர்ந்த இலை அதிகம் தேவை. மாசியில் வீணே எரித்த சருகைக் கார்த்திகையில் தேடுகிறோம். இலைக் கிடங்கு இருந்தால் இந்த எட்டு மாத இடைவெளியை அது நிரப்பிவிடும்.

கிடங்குக்குப் பெரிய செலவு வேண்டாம். நான்கு கழி நட்டு, 6 அடிக்கு 6 அடி, 5 அடி உயரத்தில் கம்பி வலை சுற்றி, மேலே தகரமோ கிடுகோ போட்டால் 5 கன மீட்டர். தரையிலிருந்து அரையடி உயரத்தில் மூங்கில் தப்பையோ பழைய பலகையோ பரப்ப வேண்டும். ஈரம் ஏறாது, கரையானும் எளிதில் ஏறாது. நாட்டு வாதுமை, தேக்கு போன்ற பெரிய இலைகள் நனைந்தால் ஒன்றன்மேல் ஒன்று தட்டுத் தட்டாக ஒட்டிக் காற்றை மறித்துவிடும். அவற்றைச் சாக்கில் போட்டுக் கட்டி, மேலே ஏறி மிதித்து நொறுக்கிய பிறகே சேர்க்க வேண்டும். மிதிக்கும் வேலைக்குப் பள்ளியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. மரம் குறைந்த பள்ளிகள் நிலக்கடலைத் தோல், வைக்கோல், கரும்புச் சக்கை என்று ஊரில் மலிவாகக் கிடைப்பதைக் கேட்டு வாங்கலாம். மரத்தூளைக் கொஞ்சமாகவே சேர்க்க வேண்டும். அதில் கரிம விகிதம் சில நூறுகளில் இருக்கும். பிளைவுட் அறுத்த தூள் கூடவே கூடாது, அதில் பசை கலந்திருக்கும்.

இனித் தொட்டி.

நம் ஊரின் பழைய வழி எருக்குழி. சாணமும் கூளமும் போட மாட்டுத் தொழுவத்துக்கு அருகே வெட்டிய குழி. தொழுவுரத்துக்கு அது பழகிய வழிதான். சமையல் கழிவுக்குச் சரிப்படாது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும், பக்கவாட்டில் காற்று புகாது. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலத் தாவரவியலாளர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, இந்திய உழவர்களின் வழக்கத்தையும் சீன உழவர்களைப் பற்றிப் படித்ததையும் சேர்த்து, செடிக் கழிவையும் சாணத்தையும் அடுக்கி, ஈரம் பார்த்து, குறித்த இடைவெளியில் கிளறிவிடும் முறையை வகுத்தார். இன்று உலகெங்கும் செய்யப்படும் உரமாக்கலுக்கு ‘இந்தூர் முறை’ ஒரு வேர். யஷ்வந்த் வாட் என்ற இந்திய அறிவியலாளருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1931-இல் வந்தது. பின்னர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த நாராயண் தேவ்தாவ் பண்டரிபாண்டே என்ற உழவர், தரைக்கு மேலே செங்கல் தொட்டி கட்டி, சுவர் முழுக்கத் துளை விட்டார். அவர் பெயரின் முதலெழுத்துகளால் ‘நாடெப்’ தொட்டி என்கிறார்கள். சுமார் 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரம். பெரும்பாலும் ஒரே மூச்சில் நிரப்பி, மண்ணும் சாணமும் பூசி மூடி, மூன்று நான்கு மாதம் விட்டுவிடுவது அவர் வழி. தோட்டக்காரனுக்கு அது பொருந்தும். நாளுக்கு ஒரு வாளி வரும் பள்ளிக்கு அதே துளைச் சுவரை எடுத்துக்கொண்டு, உள்ளே அறைகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு பெரிய அறை? வெப்பம் பிறப்பது குவியலின் கன அளவில். இழப்பது அதன் மேற்பரப்பில். 1 மீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தில் 1 கன மீட்டருக்கு 6 சதுர மீட்டர் மேற்பரப்பு. பக்கத்தைப் பாதியாக்கினால் அதே கன அளவுக்கு 12 சதுர மீட்டர் ஆகிவிடும். பிறந்த சூடெல்லாம் வெளியே போய்விடும். குளிர்நாட்டு நூல்கள் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது அதனால். நம் வெயிலில் 3 அடிக் கனசதுரம் தாராளம். அதில் 760 லிட்டர் பிடிக்கும். அதைவிடப் பெரிதாக்கினால் காற்று நடுவரை எட்டாது, பிள்ளைகளால் கிளறவும் முடியாது. உயரம் 3 அடிக்கு மேல் வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை எட்டி உள்ளே பார்க்க வேண்டும்.

நாளொன்றுக்கு 5 கிலோ கழிவும் இரண்டரைக் கிலோ நொறுக்கிய சருகும் சேர்ந்து 30 லிட்டர் என்றால் ஓர் அறை 25 பள்ளி நாளில் நிறையும். ஆனால் கீழே வேக வேக மேல்மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். உண்மையில் ஆறு, ஏழு வாரம் தாங்கும். இப்படி ஒட்டினாற்போல் மூன்று அறை. முதலறை நிறைந்ததும் இரண்டாவது, அது நிறைந்ததும் மூன்றாவது. மூன்றாவது நிறையும்போது முதலறைக்கு மூன்று மாத ஓய்வு கிடைத்திருக்கும், அள்ளிவிடலாம். மூன்று அறையும் சேர்ந்து 2.3 கன மீட்டர். கிடங்கோ 5 கன மீட்டர். இலைக்கு உரத்தைவிட இரு மடங்கு இடம் வேண்டும் என்பது கணக்குப் போட்டால்தான் புலப்படுகிறது. பள்ளித் தொட்டிகளின் வரைபடங்களில் இந்தக் கிடங்கு பெரும்பாலும் இருப்பதே இல்லை.

சுவர் அரைச்செங்கல் கனம் போதும். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு கல்லுக்கு நடுவே மூன்று விரல் இடைவெளி விட்டு, மேல்வரிசையில் அந்த இடைவெளிக்கு மேல் கல் அமரும்படி துளைச் சுவராகக் கட்ட வேண்டும். அடியில் தளம் போடாதீர்கள். வெறும் மண்ணாக இருந்தால் மிஞ்சிய நீர் இறங்கும், மண்புழு தானே ஏறி வரும். ஆனால் பெருச்சாளியும் அவ்வழியே வரும். அதனால் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை அடியில் விரித்து, சுவரின் உட்புறத்திலும் ஏற்றிவிட வேண்டும். எலி வந்தால் அதன் பின்னே பாம்பு வரும். பள்ளியில் இந்த ஒன்றில் சிக்கனம் கூடாது. முன்புறம் சுவருக்குப் பதில், பக்கச் சுவரில் காடி விட்டு, ஒவ்வொன்றாக மேலே உருவி எடுக்கும் பலகைகள். இல்லையென்றால் 3 அடி ஆழத்திலிருந்து உரத்தை அள்ளுவது யாருக்கும் பிடிக்காத வேலையாகி, அதனாலேயே தொட்டி நின்றுபோகும். மேலே சரிவாகத் தகரம் அல்லது கிடுகு. தண்ணீர் தேங்கும் பள்ளமோ திறந்த வாளியோ அருகில் இருக்கக் கூடாது, ஏடிஸ் கொசு முட்டையிட அது போதும். இடம்: மரநிழல், வகுப்பறைச் சன்னலிலிருந்தும் குடிநீர்த் தொட்டியிலிருந்தும் தள்ளி, ஆனால் சத்துணவுக் கூடத்திலிருந்து நடந்துவரும் தூரத்தில். தூரமாக வைத்தால் வாளி பாதி வழியில் கவிழ்ந்துவிடும்.

செங்கல்லுக்குப் பணமில்லாத பள்ளி கம்பி வலையை உருளையாகச் சுற்றியும் தொடங்கலாம். 3 அடி விட்டத்துக்கு எவ்வளவு நீளம் வலை வாங்க வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். ஒன்பதரை அடி என்று அவர்கள் போட்டுச் சொல்லும்போது பை என்பது பாடப்புத்தகத்தை விட்டு வெளியே வந்துவிடும்.

எதைப் போடலாம் என்பதில் அதிகச் சிக்கலில்லை. காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, வாடிய பூ, புல், வாழை இலை எல்லாம் போகலாம். முட்டை ஓடு தனியாகப் பேச வேண்டிய பொருள், ஏனென்றால் நம் சத்துணவில் வாரத்தில் ஐந்து நாள் முட்டை உண்டு. ஓடு கால்சியம் கார்பனேட். நொறுக்கிப் போட்டாலும் மட்காது, மெல்லக் கரையும். கேடில்லை, போடலாம். மிஞ்சிய சோற்றைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு: அது கழுநீராக மாட்டுக்குப் போகட்டும். ஊரில் ஒரு பசு இருக்கும்வரை சோறும் அரிசி களைந்த நீரும் பாலாவது, உரமாவதைவிட மேல். மாடில்லாத நகரப் பள்ளியில் சோற்றை மெல்லிசாகப் பரப்பி, மேலே கையளவு தடிமனில் சருகு போட வேண்டும். கட்டியாகக் கொட்டினால் உள்ளே காற்றில்லாமல் புளிக்கும், எலியை அழைக்கும். சாம்பார், எண்ணெய்க் கறி மீந்தது வேண்டாம். உப்பும் எண்ணெயும் உரத்துக்கு ஆகாது. பிஸ்கட் உறை, பேனா மூடி, மிட்டாய்க் காகிதம் ஆகியவை எப்படியும் உள்ளே வரும். ஒருமுறை பயன்படுத்தும் ஞெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருந்தாலும் உறைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. தொட்டிக்கு அருகில் அவற்றுக்கென்று தனி வாளி வையுங்கள். பின்னால் உரத்திலிருந்து பொறுக்குவதைவிட அது எளிது.

கடையில் பொட்டலமாக விற்கும் நுண்ணுயிர்த் தூள் இல்லாமலே இது நடக்கும். தேவையான உயிர்கள் ஏற்கெனவே இலைமேலும் மண்ணிலும் தோலிலும் இருக்கின்றன. தொடக்கத்தில் ஒரு கூடை பழைய உரமோ, சாணிக் கரைசலோ, புளித்த மோரோ தெளித்தால் ஓரிரு நாள் முந்தும், அவ்வளவுதான்.

முதல் வாரத்தில் நடப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். புதிய குவியலில் எளிதில் கரையும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் மிதவெப்பத்தில் வாழும் பாக்டீரியாக்கள் தின்னத் தொடங்கும். அவை விடும் சூடு வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். இரண்டு மூன்று நாளில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் அந்தக் கூட்டமே ஒடுங்கிவிடும். வெப்பம் விரும்பும் வேறு இனங்கள் எழும். நன்றாக அடுக்கிய குவியலின் நடு 55, 60 டிகிரிக்கு ஏறும். 55 டிகிரியில் மூன்று நாள் தொடர்ந்து இருந்தால் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவையும் களைவிதைகளில் பெரும்பாலானவையும் அழிந்துவிடும். 70-ஐ நெருங்கினால் நல்ல உயிர்களும் சாகும்; கிளறிவிட வேண்டும். நாளுக்கு ஒரு வாளி என்று நிரப்பும் பள்ளித் தொட்டியில் இவ்வளவு சூடு தானாக வராது. அறை நிறைந்ததும் ஒருமுறை முழுவதையும் வெளியே இழுத்து, ஈரம் பார்த்து, திரும்ப அடுக்கினால் ஏறும். நீளக் கம்பி வெப்பமானி இருந்தால் நாள்தோறும் குறித்து வரைபடம் போடலாம். இல்லையென்றால் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்து, ஆசிரியர் முதலில் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். சில நேரம் பிடிக்க முடியாத அளவு சுடும். உயிர் மூச்சு விடுவதால் வரும் சூடு இது என்று தெரிந்த பிள்ளை சுவாசச் சமன்பாட்டை மறக்காது.

சூடு இறங்கிய பிறகு வரும் கூட்டம் வேறு. செல்லுலோஸையும் கடினமான லிக்னினையும் பிளக்கும் பூஞ்சைகள் வெள்ளை நூல்வலையாகப் படரும். சாம்பல் பூசியது போலத் தெரிவது ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியாக் கூட்டம். முதல் மழைக்கு மண் விடும் வாசமும் நல்ல உரத்தின் வாசமும் ஒன்றுதான். இரண்டிலும் அவை உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற சேர்மம் இருக்கிறது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே உரத்தொட்டிக்கு மூக்கைவிட நல்ல கருவி கிடையாது. மண்வாசம் என்றால் நன்று. புளித்த நாற்றமோ அழுகிய முட்டை நாற்றமோ வந்தால் காற்று போதவில்லை. கிளறி, சருகு சேருங்கள். அம்மோனியா நெடி என்றால் நைட்ரஜன் கூடுதல், அதற்கும் சருகுதான். எந்த வாசமுமில்லை, கரையான் ஏறுகிறது, நடு குளிர்ந்து கிடக்கிறது என்றால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியும்போது விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக் கூடாது.

புழுக்கள் வரும். தட்டையான, சாம்பல்நிறத் தடித்த புழுக்கள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் பலர் அலறி மருந்தடிக்கிறார்கள். அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் இளம்புழுக்கள். ஈரக் கழிவை மிக வேகமாகத் தின்னும் இந்தப் புழுக்களைக் குப்பைக் கழிவைக் குறைப்பதற்காகவே பல நாடுகளில் வளர்க்கிறார்கள். வளர்ந்த ஈ கடிக்காது, சோற்றில் வந்து உட்காராது. வீட்டு ஈ வேறு; புதுக் கழிவு வெளியே தெரிய விட்டால்தான் அது வரும். ஒவ்வொரு வாளிக்கும் மேல் சருகு மூடி இருந்தால் அதற்கு இடமில்லை.

கையாலே அள்ளுவதை மட்டும் அனுமதிக்கக் கூடாது. தேளும் பூரானும் சருகில் தங்கும். நீளக் கைப்பிடிக் கவைக்கம்பும் மூடிய செருப்பும் கட்டாயம். கிடங்கிலிருந்து எடுக்கும் முன் குச்சியால் தட்ட வேண்டும். காய்ந்த உரத்தைக் கிளறினால் பூஞ்சை வித்துகள் பறக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளற வேண்டும்.

இதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் துடைப்பமும் வாளியும் யார் கைக்குப் போகும் என்பது பல நேரம் சாதியால் முடிவாகிறது. உரத்தொட்டி அந்தப் பட்டியலில் இன்னொரு வேலையாகச் சேருமென்றால் அதைக் கட்டாமலே இருக்கலாம். எல்லா வகுப்பும், எல்லாப் பிள்ளையும், ஆசிரியரும் தலைமை ஆசிரியரும் முறைவைத்துச் செய்யும் வேலையாக இது முதல் நாளே எழுதி ஒட்டப்பட வேண்டும். தலைமை ஆசிரியர் தன் முறைக்குக் கவைக்கம்பைப் பிடித்து எல்லாருக்கும் முன் கிளறினால் பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள், பெற்றோரும் கேள்விப்படுவார்கள். சத்துணவு அமைப்பாளரையும் சமையலரையும் தொடக்கத்திலேயே கூப்பிட்டுப் பேச வேண்டும். எது எந்த வாளியில் என்று பிரிப்பது அவர்கள் கையில் இருக்கிறது. அவர்களுக்குக் கூடுதல் சுமையாகாதபடி, நறுக்கும் இடத்திலேயே மூடியுள்ள வாளி ஒன்றைப் பள்ளி வாங்கித் தந்தால் போதும்.

விடுமுறைக்கும் திட்டம் வேண்டும். அரையாண்டு விடுமுறையில் நிறைந்த அறைக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் காட்டினால் போதும். கோடை விடுமுறை தொட்டிக்கு நல்ல காலம். ஏப்ரலில் கடைசியாக நிரப்பிய அறையைக் கிளறி, நன்றாக நனைத்து, சாக்கும் கிடுகும் போட்டு மூடி, காவலாளியிடமோ பக்கத்து வீட்டாரிடமோ வாரம் ஒரு குடம் தெளிக்கச் சொல்லிவிட்டுப் போகலாம். மாசி, பங்குனிச் சருகும் அதற்குள் கிடங்கில் நிறைந்திருக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது முழுக் கிடங்கோடு தொடங்கலாம்.

உரம் ஆகிவிட்டதா என்று பார்க்க ஒரு கைப்பிடியை நனைத்து, பையில் கட்டி, மூன்று நாள் வைத்துத் திறந்து மோந்து பாருங்கள். நாற்றமடித்தால் இன்னும் வேகவில்லை. இன்னொரு சோதனை வகுப்பறையிலேயே செய்யலாம்: ஒரு கொட்டாங்கச்சியில் தோட்டமண், இன்னொன்றில் பாதி மண் பாதி உரம், இரண்டிலும் இருபது வெந்தயம் அல்லது பச்சைப்பயறு. ஒரு வாரத்தில் இரண்டிலும் எத்தனை முளைத்தன, வேர் எவ்வளவு நீளம் என்று அளக்க வேண்டும். உரமிட்டதில் முளை குறைந்தாலோ வேர் கருகினாலோ இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். வேகாத உரத்தில் எஞ்சிய அமிலமும் அம்மோனியாவும் இளவேரைத் தாக்கும். அதோடு, மட்கும் வேலை மண்ணுக்குள் தொடர்ந்து நடக்கும்போது நுண்ணுயிர்கள் செடிக்குரிய நைட்ரஜனையும் இழுத்துக்கொள்ளும்.

மட்கு உரத்தை யூரியாவின் இடத்தில் வைத்து எதிர்பார்க்கக் கூடாது. யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு. இதில் 1 அல்லது 2. இதன் பலன் வேறிடத்தில் இருக்கிறது. வெயிலும் இடைவிடாத சாகுபடியும் கரிமத்தை உறிஞ்சிவிட்ட நம் மண்ணுக்கு இது கரிமத்தைத் திருப்பித் தருகிறது. நீரைப் பிடித்துவைக்கும், மண்துகள்களைக் கூட்டி உதிரியாக்கும், மண்புழுவுக்கு இரையாகும். சலித்த உரத்தைப் பாத்தியில் ஒரு சதுர மீட்டருக்கு 2, 3 கிலோ தூவி மேல்மண்ணோடு கொத்திவிட்டால் ஆடிப்பட்டத்துக்குக் கீரையும் வெண்டையும் கத்திரியும் விதைக்கலாம். பூந்தொட்டியில் நடுவதென்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உரம் வேண்டாம். முழுக்க உரத்திலேயே நட்டால் அது அமுங்கி இறுகி வேரை மூச்சுமுட்டச் செய்யும். சல்லடையில் நின்றுவிட்ட குச்சி, மாங்கொட்டை, பாதி மட்கிய காம்பு ஆகியவற்றை அடுத்து நிரப்பப்போகும் அறையின் அடியில் அரையடி தடிமனுக்குப் பரப்புங்கள். அவற்றின் மேல் ஏற்கெனவே வேலை தெரிந்த உயிர்கள் ஒட்டியிருக்கும். அடியிலிருந்து காற்றும் தடையின்றி ஏறும்.